சுவர்ல பாதி, வாய்க்கால்ல மீதி

கும்பகோணத்துலேர்ந்து பட்டீஸ்வரம் பக்கம் போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா மொபைலை உள்ள வெச்சுட்டு ஊர் போர்டை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க. சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர்... கேக்கறப்போ ஏதோ பெரிய கோட்டைக்குள்ள நுழையற மாதிரி இருக்கும், இறங்கி நடந்தா வயல், வாழைக்கொல்லை, வைக்கப்போர், ரெண்டு டீக்கடை, அவ்ளோதான். ஆனா இதுதான் பழையாறை, சோழ ராஜாக்கள் குடும்பத்தோட குடியிருந்த ஊர். மாளிகை எங்கடான்னு தேடினா அது ஊர்ப்பேர்ல மட்டும்தான் மிச்சம் இருக்கு, நாலு படைவீடும் அப்படித்தான்.

அப்போ ஒரு கேள்வி வரும்ல, கட்டிடமே இல்லாத இடத்துல கட்டிட வரலாறு எப்படி எழுதறாங்க? அதே மாதிரி கட்டிடம் முழுசா நிக்கற இடத்துல, உதாரணத்துக்கு தஞ்சாவூர் பெரிய கோயில்ல, கண்ணுக்கு தெரியறதை அப்படியே நம்பலாமா? ரெண்டுக்கும் சேர்த்து என்னோட பதிலை முதல்லயே சொல்லிடறேன். காவிரி டெல்டாவுல கோயிலை மட்டும் தனியா எடுத்து படிச்சா பாதி கதைதான் கிடைக்கும், மீதி வயல்லயும் வாய்க்கால்லயும் தெருவோட அமைப்புலயும் கிடக்கு, ரெண்டையும் ஒட்ட வெச்சு பாக்கறவங்கதான் உருப்படியா எதாவது கண்டுபிடிச்சிருக்காங்க.

முதல்ல மாளிகை ஏன் காணாம போச்சுங்கறதை பாப்போம். டெல்டா முழுக்க வண்டல் மண், தோண்டினா பாறை கிடையாது. கோயிலுக்கு வேணும்னா திருச்சி, புதுக்கோட்டை பக்கத்துலேர்ந்து கல்லு இழுத்துக்கிட்டு வரணும். அந்த செலவை சாமிக்கு செஞ்சாங்க, தங்களுக்கு செஞ்சுக்கல. ராஜா வீடே செங்கல்லும் மரமும்தான், மத்தவன் வீடு மண்ணும் கீத்தும். ராஜேந்திர சோழனோட தலைநகரமான கங்கைகொண்டசோழபுரத்துல மாளிகைமேடுன்னு ஒரு இடம், 1980கள்லேர்ந்து தோண்டறாங்க, கிடைச்சது செங்கல் அஸ்திவாரமும் கூரை ஓடும்தான்.

செங்கல்லே எல்லாருக்கும் கிடைச்சதில்லைங்கறது இன்னொரு விஷயம். சோழர் காலத்து செப்பேடுகள்ல பிராமணர்களுக்கோ கோயிலுக்கோ ஒரு ஊரை குடுக்கும்போது கூடவே உரிமைகள் லிஸ்ட் வரும். அதுல 'சுட்டிட்டிகையால் மாட மாளிகை எடுக்கப் பெறுவதாகவும்'னு ஒரு வரி இருக்கும். அதாவது சுட்ட செங்கல்லு வெச்சு மாடி வீடு கட்டிக்கலாம்னு பெர்மிஷன். பெர்மிஷன்னு தனியா எழுதறாங்கன்னா மத்தவங்களுக்கு அது இல்லைன்னுதான் ஆய்வாளருங்க எடுத்துக்கறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. கொங்கு நாட்டு கல்வெட்டு ஒண்ணுல கம்மாளர்கள் (கொல்லர், தச்சர் மாதிரி கைவினைஞர்கள்) வீட்டுக்கு சாந்து பூசிக்கலாம்னு ராஜா உத்தரவு குடுக்கறார், சாந்து பூசறதுக்கு உத்தரவு! அப்போ ஒரு ஊர்ல தோண்டி வீடே கிடைக்கலைன்னா அங்க யாரும் வாழலைன்னு அர்த்தம் இல்ல, வாழ்ந்தவங்களுக்கு மிஞ்சற மாதிரி வீடு கட்ட விடலைன்னும் இருக்கலாம். கல்லு கோயிலை மட்டும் பாத்துட்டு ஆஹா எப்பேர்ப்பட்ட காலம்னு எழுதறவங்களை பாத்தா எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

சரி, கோயிலுக்கு வருவோம். ஒரு கோயில் எந்த காலத்துதுன்னு எப்படி சொல்றாங்க? கல்வெட்டுல ராஜா பேரும் ஆட்சியாண்டும் இருந்தா சுலபம்னு நெனப்போம், ஆனா 'ராஜகேசரி', 'பரகேசரி'ன்னு மட்டும் இருக்கும், சோழ ராஜாக்கள் ஒருத்தர் விட்டு ஒருத்தர் இந்த பட்டத்தை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டவங்க, எந்த ராஜகேசரின்னு தலைய பிச்சுக்கணும். அங்கதான் கட்டிடத்தோட உடம்பை பாக்க ஆரம்பிச்சாங்க. கேப்ரியல் ழூவோ துப்ரேய்னு ஒரு பிரெஞ்சுக்காரர், பாண்டிச்சேரியில வாத்தியாரா இருந்தவர், 1914-ல ஒரு வழி காட்டினார். தூண் மேல இருக்கற போதிகை, கூரை விளிம்புல வர்ற கூடு, தேவகோஷ்டத்துக்கு (சுவர்ல சாமி சிலை வைக்கற மாடம்) மேல இருக்கற தோரணம், இதெல்லாம் காலத்துக்கு காலம் எப்படி மாறுதுன்னு வரிசைப்படுத்தினார். பல்லவர் போதிகையில அலை அலையா வளைவு இருக்கும், சோழர் கைல அது வெட்டு விழுந்த மாதிரி ஆகி நடுவுல ஒரு மூக்கு நீட்டும், விஜயநகர நாயக்கர் காலம் வர்றப்போ வாழைப்பூ மாதிரி தொங்க ஆரம்பிச்சுடும். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் கருவறை சுவரையும் அதே ஊர் ராமசாமி கோயில் மண்டபத்தையும் ஒரே நாள்ல பாத்தீங்கன்னா வாத்தியாரே வேணாம், கண்ணே பிரிச்சுடும்.

இந்த முறையில ஒரு ஓட்டை இருக்கு. ஸ்தபதி ஒருத்தர் பழைய பாணியிலயே செய்யணும்னு முடிவு பண்ணா? ஓரமா இருக்கற ஊர்ல புது ஸ்டைல் அம்பது வருஷம் லேட்டா வந்திருந்தா? அதனால பாணியை மட்டும் வெச்சு தேதி சொல்றவங்க கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும், கல்வெட்டை மட்டும் வெச்சு சொல்றவங்க கிட்ட அதைவிட ஜாக்கிரதையா இருக்கணும். ஏன்னா கல்வெட்டும் இடம் மாறும். இதுக்கு திருக்கோடிக்காவல் மாதிரி ஒரு உதாரணம் கிடைக்காது. அங்க செம்பியன் மாதேவி, சோழ ராஜா கண்டராதித்தரோட ராணி, பழைய செங்கல் கோயிலை எடுத்துட்டு கற்றளியா, அதாவது கல்லு கோயிலா கட்டினப்போ பழைய கோயில்ல இருந்த கல்வெட்டையெல்லாம் புது சுவர்ல காப்பி பண்ண சொல்லிட்டாங்க. காப்பி பண்ண ஆள் நேர்மையானவர், 'இதுவும் ஒரு பழங்கல்படி'ன்னு எழுதி வெச்சுட்டார். அந்த மூணு வார்த்தை மட்டும் இல்லைன்னா பல்லவர் கால கல்வெட்டு சுவர்ல இருக்கு, அதனால சுவரும் பல்லவர் காலம்னு நாம அடிச்சு சொல்லிருப்போம். எல்லா ஊர்லயும் அப்படி ஒரு நேர்மையான ஆள் இருந்திருப்பாரா?

செம்பியன் மாதேவி பண்ண வேலையே ஒரு தனி பாடம். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம்னு 10ஆம் நூற்றாண்டு கடைசியில ஊர் ஊரா செங்கல் கோயிலை கல்லா மாத்தினாங்க. தேவாரம் பாடினப்போ இருந்தது வேற கட்டிடம், இப்போ நாம பாக்கறது வேற கட்டிடம், ஆனா இடம் அதேதான், குளமும் படித்துறையும் அநேகமா அதேதான். அப்பர் பாடின கோயில்னு நாம சுவரை தொட்டு கும்பிடறோம், அப்பர் அந்த சுவரை பாத்ததே கிடையாது. பக்திக்கு இதனால ஒண்ணும் குறையாது, ஆனா வரலாறு எழுதறவங்க இடம் வேற கட்டிடம் வேறன்னு பிரிச்சுதான் ஆகணும்.

இனி பெரிய கோயில். இதை கட்டினது யாருன்னு 19ஆம் நூற்றாண்டுல கேட்டிருந்தா கரிகாலன், காடுவெட்டிச் சோழன்னு ஆளுக்கொரு கதை சொல்லிருப்பாங்க. கோயிலோட அதிஷ்டானம், அதாவது அடிப்பீடம் பூரா எழுத்து, தெனம் ஆயிரம் பேர் உரசிக்கிட்டு போறாங்க, ஆனா அந்த எழுத்தை படிக்கற ஆள் இல்ல. 1886-ல அரசாங்க கல்வெட்டு ஆய்வாளரா வந்த ஹுல்ஷ்ங்கற ஜெர்மன்காரரும் அவர் கூட இருந்த நம்மூர் பண்டிதர்களும் படிச்சு சொன்னப்புறம்தான் கட்டினது ராஜராஜன்னு உறுதியாச்சு. 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு ராஜாவே சொன்னது அங்க இருக்கு, அக்கா குந்தவை பேரு பொண்டாட்டிங்க பேருக்கு முன்னாடி வர்றதை கவனிங்க. 25ஆம் ஆட்சியாண்டுல 275ஆம் நாள் விமானத்துக்கு கலசம் குடுத்தார், அதை வெச்சுதான் 1010ங்கற கணக்கு.

படிக்க ஆள் வந்தப்புறமும் கதை நிக்கல பாருங்க. நிழல் தரையில விழாது (விழும், சாயங்காலம் போய் பாருங்க), நந்தி வளருது, மேல இருக்கறது 80 டன் ஒத்தைக்கல்லு, சாரப்பள்ளத்துலேர்ந்து சாரம் கட்டி ஏத்தினாங்க. கிட்ட போய் பாத்தவங்க அது பல துண்டுகளை சேத்து செஞ்சதுன்னு சொல்லி பல வருஷம் ஆச்சு. நந்தி ராஜராஜன் காலத்ததே இல்ல, நாயக்கர் காலம். பெரியநாயகி அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் சம்பந்தப்பட்டது. முருகன் சன்னதி நாயக்கர், தெற்கு பக்க சுத்து மண்டபத்துல மராத்தி எழுத்துல ஒரு பெரிய கல்வெட்டு இருக்கே, அது சரபோஜி 1803-ல தன் வம்ச கதையை எழுதி வெச்சது. சுத்தி இருக்கற கோட்டையும் அகழியும் நாயக்கர் காலத்து வேலை. ஆக ராஜராஜன் கட்டின கோயில்னு நாம ஒரே மூச்சுல சொல்றது உண்மையில 800 வருஷ சேர்மானம்.

கட்டிடத்துக்குள்ள போனா இன்னும் சுவாரசியம். பியர் பிஷார்ங்கற பிரெஞ்சு கட்டிடக்கலை ஆய்வாளர் கோயில் முழுக்க அளந்து வரைஞ்சவர், அளக்கறதுங்கறது போர் அடிக்கற வேலைன்னு தோணும், ஆனா சுவர் எவ்ளோ கனம், உள்ள எவ்ளோ வெற்றிடம், எங்க ஒரு முழம் தப்பியிருக்குங்கறது டேப்பை பிடிச்சாதான் தெரியும். ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச ஆதாரம் மேல்தளத்து உள்சுத்துல இருக்கற நாட்டிய கரணங்கள். 108 இருக்கணும், 81தான் செதுக்கியிருக்கு, மீதி 27 கட்டம் வெறும் கல்லா நிக்குது. ஏன் நிறுத்தினாங்கங்கறது தெரியாது, ஆனா அந்த வெறும் கல்லு ஒண்ணு சொல்லுது: கல்லை முதல்ல சுவர்ல அடுக்கிட்டு அப்புறம்தான் அதே இடத்துல நின்னு செதுக்கியிருக்காங்க. முழுசா முடிச்சிருந்தா இந்த விஷயம் நமக்கு தெரியாமலே போயிருக்கும்.

அந்த சுவரையே இப்போ வேற விதமா படிங்க. அது சிற்பத்துக்கு பின்னாடி இருக்கற அலங்காரம் இல்ல, கல்லுல எழுதின கணக்குப் புஸ்தகம். எந்தெந்த ஊர்லேர்ந்து எவ்ளோ நெல்லு வரணும்னு எழுதறப்போ, ஒவ்வொரு ஊர்லயும் வரி இல்லாத நிலம் எவ்ளோன்னு முதல்ல கழிக்கறாங்க. அதுல 'ஊர்நத்தமும் ஸ்ரீகோயில்களும் குளங்களும் ஊடறுத்துப் போன வாய்க்கால்களும் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் உள்ளிட்டு'ன்னு வரும். வேலி, மா, முந்திரிகைன்னு பின்னத்துக்கும் பின்னமா அளவு. இது ஒரு வரிக்கணக்கு, ஆனா கண்ணை மூடிக்கிட்டு திரும்ப படிச்சா ஒரு கிராமத்தோட மேப் தெரியும். நடுவுல நத்தம், கோயில், குளம், வேற ஊருக்கு போற வாய்க்கால் ஊரை கிழிச்சுக்கிட்டு போகுது, தள்ளி சேரி, அதுக்கும் தள்ளி சுடுகாடு. தீண்டாச்சேரின்னே சில ஊர்ல எழுதியிருக்காங்க, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்த வார்த்தை கல்லுல ஏறியாச்சு. பெருமைக்குரிய கோயில் சுவர்லயே இதுவும் இருக்கு, பெருமை பேசறவங்க இந்த வரியை மட்டும் தாண்டி போயிடறாங்க.

ஜப்பான்காரர் நொபொரு கராஷிமா இந்த மாதிரி வரிகளை ஒண்ணொண்ணா எண்ணி, கூட்டி, பட்டியல் போட்டு சோழர் கால கிராமத்தை புரிஞ்சுக்க பாத்தவர். அவர் கூட சேர்ந்து வேலை பாத்த ஒய். சுப்பராயலு இன்னொண்ணு பண்ணார், 1973-ல வந்த வேலை. கல்வெட்டுல 'இன்ன நாட்டு இன்ன ஊர்'னு வர்ற ஊர்ப்பேர் எல்லாத்தையும் இப்போ இருக்கற ஊரோட பொருத்தி மேப்புல புள்ளி வெச்சார். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா புள்ளியெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்தா 'நாடு'ங்கறது ராஜா கோடு கிழிச்சு பிரிச்ச ஜில்லா மாதிரி இல்ல, கோணல்மாணலா, சில இடத்துல ஆத்துக்கு ரெண்டு பக்கமும், பாசனத்தை ஒட்டி கொத்து கொத்தா சேர்ந்த ஊர்கள். சோழர் அரசு எவ்ளோ மேலேர்ந்து கீழ வந்தது, எவ்ளோ கீழேர்ந்து மேல போனதுங்கற பெரிய சண்டைக்கு இந்த புள்ளிகள்தான் ஒரு முக்கிய சாட்சி. தஞ்சாவூர் நகரத்தையும் இப்படித்தான் கட்டி பாக்கறாங்க, கல்வெட்டுல உள்ளாலை (உள்நகரம்), புறம்படி (வெளிநகரம்)னு ரெண்டு பகுதி வருது, ஆனைக்கடுவார் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெருன்னு வருது, கோயில்ல ஆடின 400 தளிச்சேரிப் பெண்களுக்கு எந்த சிறகுல (தெரு வரிசையில) எத்தனாவது வீடுங்கற வரைக்கும் வருது. அந்த தெரு ஒண்ணு கூட இப்போ தரையில கிடையாது. நாம நடக்கற நாலு ராஜவீதியும் நாயக்கர் போட்டது.

இனி வயலுக்கு இறங்குவோம், செருப்பை கழட்டிடுங்க.

சோழர் கால நில விற்பனை கல்வெட்டுகள்ல ஒரு நிலத்தை எப்படி அடையாளம் சொல்றாங்கன்னு பாருங்க: இன்ன வதிக்கு கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, மூணாம் கண்ணாத்துல ரெண்டாம் சதிரம். வதின்னா ஒரு பக்கமா போற வரப்புப்பாதை, வாய்க்கால் அதுக்கு குறுக்க, கண்ணாறுங்கறது கிளை வாய்க்கால், சதிரம்ங்கறது நடுவுல விழற சதுரத் துண்டு. அதாவது கட்டம் கட்டமா பிரிச்சு நம்பர் போட்ட வயல். வதிக்கும் வாய்க்காலுக்கும் ராஜா பேரு, ராணி பேரு, சாமி பேரு வெச்சிருக்காங்க. கோயிலை மட்டும் கட்டிடக்கலைன்னு சொல்றோம், இந்த கட்டமும் ஒருத்தர் உக்காந்து பிளான் போட்டு வெட்டினதுதானே? சில ஊர்ல இப்பவும் புல வரைபடத்தை எடுத்து பாத்தா கோணல்மாணலான நிலத்துக்கு நடுவுல ஒரு பகுதி மட்டும் நேர்கோடா இருக்கும். உடனே இது சோழர் கண்ணாறுதான்னு குதிக்கக் கூடாது, பின்னாடி வந்த வெள்ளைக்காரன் சர்வேயும் நேர்கோடுதான் போடும், பங்காளி பாகப்பிரிவினையும் நேர்கோடுதான் போடும். கல்வெட்டுல வர்ற வாய்க்கால் பேரு அதே ஊர்ல இப்பவும் வாய்ல இருந்தா மட்டும்தான் கொஞ்சம் தைரியமா பேசலாம்.

ஊர் எல்லையை காட்டின விதம் இன்னும் அழகு. பெண் யானையை முன்னாடி நடக்க விட்டு அது போற வழியில கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வெச்சாங்க, 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து கல்லும் கள்ளியும் நாட்டி'ன்னு செப்பேடு சொல்லும். அப்புறம் ஊருக்குள்ள எதெல்லாம் அடக்கம்னா மேனோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் உடும்பு ஓடி ஆமை தவழ்ந்ததெல்லாமும். உடும்பு ஓடற இடம்னா மேட்டு நிலம், ஆமை தவழற இடம்னா பள்ளம். இது வெறும் அலங்கார வார்த்தைன்னு சிலர் ஒதுக்கிடுவாங்க, எனக்கு அப்படி தோணல, தண்ணி நிக்கற நிலம் நிக்காத நிலம்னு பிரிச்சு பாக்கறவனோட கண்ணு அது.

ஆத்துப்பேரும் ஆவணம்தான். முடிகொண்டான் ஆறு, வீரசோழன் ஆறு, கீர்த்திமான் ஆறு... முடிகொண்டான்னா ராஜேந்திரனோட பட்டப்பேரு. ராஜா பேரு ஆத்துக்கு இருந்தா ராஜா அதை வெட்டினாரா, அகலப்படுத்தினாரா, சும்மா பேரு மட்டும் வெச்சாரா? மூணுக்கும் ஒரே பேருதான் மிஞ்சும். ராஜேந்திரன் வெட்டின சோழகங்கம் ஏரி விஷயத்துல சந்தேகம் இல்ல, திருவாலங்காட்டு செப்பேடு அதை நீரால ஆன வெற்றித்தூண்னே சொல்லுது, இப்போ பொன்னேரின்னு கூப்பிடறாங்க. ஜெயிச்சதுக்கு அடையாளமா ஏரி வெட்டின அந்த ராஜா கங்கைகொண்டசோழபுரத்துல கட்டின கோயிலோட மதில் கல்லை 1836 வாக்குல வெள்ளைக்காரன் பேத்து எடுத்து கொள்ளிடத்துக்கு குறுக்க கீழணை கட்ட கொண்டு போனான். அணைக்கரை பக்கம் போகும்போது கீழணையை எட்டி பாருங்க, கோயில் கல்லும் தண்ணி கல்லும் ஒண்ணா கலந்தது இந்த ஒரு இடத்துல நிஜமாவே நடந்திருக்கு.

கல்லணைக்கு வராம இருக்க முடியாது, ஆனா இங்கதான் சண்டை வரும். கரிகாலன் கட்டினதுன்னு எல்லாரும் சொல்றோம், சின்ன வயசுலேர்ந்து பாடப்புஸ்தகத்துல படிச்சது. ஆதாரம்னு வரிசையா அடுக்கினா என்ன இருக்கு? கரிகாலன் காலத்தை ஒட்டின பட்டினப்பாலை அவன் காடு கொன்று நாடாக்கி குளம் தொட்டு வளம் பெருக்கினான்னு சொல்லுது, காவிரிக்கு கரை போட்டதா சொல்லல. கரை போட்ட கதை பல நூற்றாண்டு கழிச்சு வந்த செப்பேடுகள்ல வருது, தெலுங்கு பக்கம் ஆண்ட ரேநாட்டுச் சோழர்கள் கூட கரிகாலன் வம்சம்னு பெருமை பேச அதை எழுதறாங்க. அதுவும் கரை, அணைன்னு இல்ல. அப்போ கல்லணை பொய்யா? அப்படி கிடையாது. களிமண் மேல கல்லை போட்டு அது தானா அமுங்கி உக்காந்த பழைய வேலை அடியில இருக்கு, வெள்ளைக்காரன் 1830 வாக்குல மணல்போக்கி வைக்க வந்தப்போ அதை பாத்து அசந்துதான் போனான், கொள்ளிடத்துக்கு குறுக்க 1836-ல மேலணை கட்ட ஆர்தர் காட்டனுக்கு அதுலேர்ந்து பாடமும் கிடைச்சுது. நாம போட்டோ எடுத்துக்கற பாலமும் ஷட்டரும் 19ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் வந்தது. பழசு இருக்கு, ரொம்ப பழசு, ஆனா எந்த ராஜா எந்த வருஷம்னு சொல்ற கல்லு இல்ல. இதை டீக்கடையில சொன்னா அடி விழும், நான் சொல்லி வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

இதே தப்பை நிலத்தை பாத்தும் பண்ணுவோம். தஞ்சாவூர்லேர்ந்து ஒரத்தநாடு வழியா பட்டுக்கோட்டை போறப்போ ரெண்டு பக்கமும் பச்சைப்பசேல்னு நெல்லு, ஆகா ஆயிரம் வருஷ நெற்களஞ்சியம்னு தோணும். கிடையாது. மேட்டூர் அணையோட சேத்து வெட்டின கல்லணைக் கால்வாய், நம்மாளு புது ஆறுன்னு சொல்றது, 1934-லதான் அங்க தண்ணி கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அது ஏரியையும் மழையையும் நம்பின மேட்டு பூமி. டெல்டாவுக்குள்ளயே பழைய டெல்டா புது டெல்டான்னு ரெண்டு இருக்கு, கோயில் எங்க நெருக்கமா இருக்கு எங்க விலகி விலகி இருக்குன்னு மேப்புல பாத்தாலே அந்த கோடு மங்கலா தெரியும்.

நாகப்பட்டினம் இதுக்கெல்லாம் எதிர்முனை. அங்க சுமத்ரா பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய ராஜா கட்டின சூளாமணி புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை குடுத்த செப்பேடு இருக்கு, அது நெதர்லாந்துல லெய்டனுக்கு போனதால பேரே லெய்டன் செப்பேடுன்னு ஆயிடுச்சு. ஊருக்கு வெளிய 'சீன பகோடா'ன்னு கப்பல்காரங்க அடையாளம் வெச்சுக்கிட்ட ஒரு செங்கல் கோபுரம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்னுச்சு, வெள்ளைக்கார அதிகாரி வால்டர் எலியட் அதை பத்தி எழுதியிருக்கார், படமும் இருக்கு. 1867-ல இடிச்சுட்டாங்க. கட்டிடம் போச்சு, ஆனா 1856-லேர்ந்து 1930கள் வரைக்கும் அங்க மண்ணுக்குள்ளேர்ந்து கிட்டத்தட்ட 350 புத்தர் செப்புத்திருமேனிங்க வெளிய வந்துச்சு. பௌத்தம் தேவார காலத்தோட முடிஞ்சு போச்சுன்னு சுலபமா எழுதறவங்களுக்கு அந்த சிலைங்கதான் பதில், ஏன்னா அதுல பல, பிற்காலச் சோழர் காலத்தையும் தாண்டினது. நிக்கற கோயிலை மட்டும் எண்ணியிருந்தா டெல்டாவுல பௌத்தமே கணக்குல வந்திருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 1951-52-ல காத்லீன் கஃப், 1961-62-ல ஆந்த்ரே பெத்தேய், மானிடவியல் ஆய்வாளருங்க ரெண்டு பேரும் தஞ்சாவூர் ஜில்லா கிராமத்துல தங்கி அக்ரஹாரம், குடியானத் தெரு, சேரின்னு தெரு தெருவா எழுதி வெச்சாங்க, ஊர்ப்பேரை மாத்தி. அதையும் ராஜராஜன் கல்வெட்டு வரியையும் பக்கத்துல வெச்சா அப்படியே பொருந்தற மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து. நடுவுல நாயக்கர் வந்தாங்க, மராட்டியர் வந்தாங்க, ஹைதர் அலி படை 1781-ல வந்து ஊரையே காலி பண்ணுச்சு, மிராசுங்கற நில உரிமை முறை மாறுச்சு, குடும்பங்கள் கிளம்பி போச்சு, புதுசா வந்தாங்க. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்குங்கறதுக்காக நடுவுல எதுவுமே நகரலைன்னு எழுதிட முடியாது.

இப்போ நடக்கறதை சொல்லாம விட்டா மனசு ஆறாது. எங்க பக்கத்து ஊர் கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி ஒரு தடவை போய் அதிஷ்டானத்துல எட்டு வரி கல்வெட்டை போட்டோ எடுத்துட்டு வந்தேன், வெளிச்சம் சரியில்ல, பாதி எழுத்து நிழல்ல. அப்புறம் நல்லா எடுத்துக்கலாம்னு விட்டேன். கும்பாபிஷேகம் முடிஞ்சு போனா தரையை ஒரு முழம் ஒசத்தி கிரானைட் போட்டுட்டாங்க, கீழ இருந்த மூணு வரி தரைக்குள்ள, மேல இருக்கற அஞ்சு வரி மேல சாம்பல் கலர் பெயிண்ட். யாரையும் குத்தம் சொல்ல தோணல, பணம் போட்டவங்க சந்தோஷமாத்தான் பாயசம் குடுத்தாங்க, நானும் குடிச்சேன். மூணாவது வரியில 'வாய்க்காலுக்கு தெற்கு'ன்னு இருந்தது ஞாபகம் இருக்கு, எந்த வாய்க்கால்ங்கற வார்த்தைதான் நிழல்ல போயிடுச்சு.

கடைசியா எங்க வீட்டு சமாச்சாரம் ஒண்ணு. எங்க நிலத்துக்கு மேற்கால ஒரு துண்டு, ஊர்ல எல்லாரும் அதை தேரடித் தாக்குன்னுதான் சொல்லுவாங்க. ஊர்ல தேர் கிடையாது, தேர் ஓடற அளவுக்கு வீதியும் கிடையாது. பெரியப்பாவை கேட்டா "அது எப்பவும் அந்த பேருதான்டா தம்பி, தாத்தா காலத்துலேயே அப்படித்தான்"னு சொல்லிட்டு மம்பட்டியை எடுத்துக்கிட்டு மடை திறக்க போயிட்டார். பட்டாவை ஆன்லைன்ல எடுத்து பாத்தேன், சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, எல்லாம் இருக்கு, பேரு இல்ல. வரப்புல நின்னுக்கிட்டு மொபைல் மேப்புல ஒரு புள்ளி வெச்சு 'தேரடித் தாக்கு'ன்னு டைப் பண்ணி சேவ் பண்ணேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நிலத்துக்கு என்ன பேருன்னு கேக்கறதுக்குள்ள பெரியப்பா ரொம்ப தூரம் போயிட்டார்.